இடது பக்கத்து மீன்கள்

தங்கை: தலையை ஆட்டாதேக்கா! கண்ணை மட்டும் திருப்பு.

அக்கா: மூக்கை அமுக்குதுடி இந்தக் கண்ணாடி. சோதிச்சுப் பார்க்க உங்க ஆபீஸ்ல வேற ஆளே கிடைக்க... ஐயோ! தண்ணிக்குள்ள இருக்கேன்!

தங்கை: மூச்சை ஏன் பிடிச்சுக்கிறே? கண்ணாடி காட்டுற பொய்க் கடல்தான். விடு.

அக்கா: எவ்வளவு நீலம்... உடம்புக்கு எடையே இல்லாத மாதிரி...

தங்கை: ஒரு மீனைப் பாரு. பார்வையை எடுக்காம அப்படியே நிறுத்து.

அக்கா: மஞ்சளா ஒண்ணு... அட, விளக்கு மாதிரி எரியுது! கிட்டயே வந்துடுச்சு!

தங்கை: கையே வேண்டாம். கண்ணு எந்த மீன் மேல நிக்குதோ, அதைக் கண்ணாடியே எடுத்துக்கும்.

அக்கா: சின்ன வயசுல என் தட்டை நீ இப்படித்தான் பார்ப்பே. பாதி உன் வாய்க்குப் போயிடும்.

தங்கை: போதும், போதும்! மிச்ச மீனையும் எடு.

அக்கா: எடுத்துட்டேனே. கடலே காலி. வெறும் நீலம்... இங்கேயே தூங்கிடலாம் போல இருக்கு.

தங்கை: ...காலியா?

அக்கா: ஆமா. ஏன்?

தங்கை: உனக்கு இடது பக்கம் ஒரு கூட்டமே நிக்குதுக்கா. இந்தத் திரையில எனக்குத் தெரியுது. உன் கண்ணு அந்தப் பக்கம் போகவே இல்லை.

அக்கா: மெஷின் கோளாறா இருக்கும்.

தங்கை: எனக்குச் சரியாத்தான் வேலை செஞ்சுது.

அக்கா: உனக்கு எப்பவுமே சந்தேகம்...

தங்கை: கதவுல இடது தோளை இடிச்சுக்கிறே. பக்கத்துல வச்ச தம்ளரைத் தட்டி விடுறே. கேட்டா தூக்கக் கலக்கம்ங்கிறே.

அக்கா: இதையெல்லாம் சோதிக்கவா உங்க ஆபீஸ்ல சொன்னாங்க?

தங்கை: ஆபீஸ்ல யாரும் இதைக் கேட்கலைக்கா. இந்த மீனெல்லாம் உனக்காக நான் செஞ்சது. நேரா கேட்டிருந்தா எரிஞ்சு விழுந்திருப்பே.

அக்கா: அடி கள்ளி...

தங்கை: நீ ஓட்டுறது பஸ்ஸுக்கா! உன்னை நம்பி எத்தனை பேர் ஏறுறாங்க! நாளைக்கு லீவு போடு. டாக்டர்கிட்ட போகலாம்... அழறியா? கண்ணாடியைக் கழட்டட்டுமா?

அக்கா: வேண்டாம். இங்க கொஞ்ச நேரம் இருக்கேன்... லீவு எதுக்குடி? பஸ் சாவியைப் போன வாரமே திருப்பிக் கொடுத்துட்டேன். சைக்கிள்ல ஒரு பொண்ணு... அவ கத்தினப்புறம்தான் பக்கத்துல இருக்கான்னே தெரிஞ்சுது. நல்லவேளை, அவளுக்கு ஒண்ணும் ஆகலை. அன்னையிலிருந்து யூனிஃபார்மைப் போட்டுக்கிட்டுக் கிளம்பிப் போய், பார்க்ல உட்கார்ந்துட்டு வர்றேன். டாக்டர் வாசல் வரைக்கும்கூடப் போனேன்... தனியா உள்ளே போகத்தான் தைரியம் வரலை.