விளக்கு வைக்காத கோயில்

நெருங்கி உட்காருங்க கண்ணுங்களா... பயமா இருந்தா என் கையைப் பிடிச்சுக்கோங்க. என் சிநேகிதியோட நாத்தனாருக்கு நடந்தது இது.

ராத்திரி பன்னிரண்டு தாண்டியிருக்கும். மில்லில் ஷிப்ட் முடிஞ்சு, செம்மண் பாதையில் தனியா சைக்கிள் மிதிச்சு வர்றா. அவளுக்கு ஊர் வெச்ச பேரு 'பிடிவாதம்'.

திடீர்னு பிரேக் போட்டா. சமணக் கோயில்ல வெளிச்சம்!

அந்தக் கோயில் கட்டி எண்ணூறு வருஷமாச்சு. கட்டின சமணருங்க எப்பவோ ஊரைவிட்டுப் போயிட்டாங்க. ஆனா பொழுது சாய்ஞ்சா அங்கே விளக்கு வைக்கிறதில்லைங்கிற வழக்கத்தை மட்டும் ஊர் விடலை. பூச்சி வந்து விழுந்து செத்துடுமாம். அப்போ வெளிச்சம் போட்டவன் வெளியூர்க்காரன்தான்.

ஆமா... ஒரு லாரி. ஹெட்லைட் வாசலைப் பார்த்து எரியுது. கண்ணாடியில பூச்சிங்க டப்... டப்னு மோதிச் சாகுது. ஒரு காண்ட்ராக்டரும் ரெண்டு ஆளும் உள்ளே இருக்கிற சிலையைப் பேர்க்கக் கடப்பாரையோட நிக்கிறாங்க.

இவ சைக்கிளை வாசல்ல குறுக்கே சாய்ச்சா. படியில உட்கார்ந்துட்டா.

"எந்திரிம்மா. என் வீட்டு வாசல்ல நேத்துதான் புதுசா தார் போட்டிருக்கேன். இந்தச் சிலையை அங்கே வெச்சா ஜம்முனு இருக்கும்."

"உங்க வாசலுக்கு நீங்களே போய் உட்காருங்க. முதல்ல லைட்டை அணைங்க."

"இல்லேன்னா? பேய் வருமா?" சிரிச்சான்.

அப்போ... அவ முதுகுக்குப் பின்னால, உள்ளே இருட்டுல...

சர்... சர்...

காலடிச் சத்தம் இல்லை. பெருக்குற சத்தம் மட்டும். அந்தக் காலத்துச் சமண முனிவருங்க எறும்பு மிதிபடாம இருக்க, மயிலிறகால தரையைப் பெருக்கிட்டுத்தான் காலெடுத்து வைப்பாங்களாம்...

ஈரக் கல்லு வாசனை. அவ திரும்பாமலே சொன்னா:

"யாரா இருந்தாலும் சரி, நான் எந்திரிக்க மாட்டேன்."

சத்தம் நின்னுச்சு. அவ கையில ஊர்ந்த எறும்பை என்னவோ ஒண்ணு... மெத்துனு... ஒதுக்கிவிட்டுச்சு. அப்புறம் அவளைச் சுத்திக்கிட்டு லாரிப் பக்கம் போச்சு.

சர்... சர்...

ஒரு ஹெட்லைட் அணைஞ்சது. இன்னொண்ணும்.

ஆளுங்க கடப்பாரையைப் போட்டுட்டு ஓடினாங்க. லாரியைக் கிளப்பினபோதும் காண்ட்ராக்டர் வீராப்பு அடங்கலை. "நாளைக்குப் பத்து பேரோட வர்றேன்டீ!"

"வாங்க! இங்கேயேதான் இருப்பேன்!"

சொன்னபடி மறுநாளும் உட்கார்ந்தா. லாரி வரலை. பின்னிரவுல அந்தச் சத்தம் அவளைத் தாண்டி வெளியே போச்சு... ரொம்ப நேரம் கழிச்சுத் திரும்பி உள்ளே வந்துச்சு.

விடிஞ்சதும் உள்ளே போய்ப் பார்த்தா. சம்மணம் போட்ட சிலை, உள்ளங்கால் மேலே தெரிய, எப்பவும் போலத்தான் இருக்கு. காண்ட்ராக்டர் அதுக்கப்புறம் அந்தப் பக்கமே வரலை. அவன் வீட்டுல இப்போ பொழுது சாய்ஞ்சா ஒரு லைட்டும் எரியறதில்லையாம்.

அன்னிக்கு அவ அந்த உள்ளங்காலை முந்தானையால துடைச்சா. கறை போகலை.

செம்மண் இல்லை, கண்ணுங்களா... தார். இன்னும் காயாத தார்.