எட்டு நிமிட நடை

— அதோ, அந்த மஞ்சள் தண்ணித் தொட்டி தெரியுதே, அதுதானே நாம போன வாரம் பார்த்த வீடு?

— அதேதான் மேடம்.

— ஸ்டேஷன்லேர்ந்து இதுவரைக்கும் ஆறு நிமிஷம். இந்தக் கேட்டைத் தாண்டினா இன்னும் ரெண்டு. விளம்பரத்துல போட்ட மாதிரியே எட்டு நிமிஷ நடை. அடேங்கப்பா, பார்த்தியா அண்ணி, சார் பொய்யே சொல்லல!

— பாருங்க மேடம், அதுல ஒரு சின்ன விஷயம். நாம சுத்திப் போகணும்.

— சுத்தின்னா?

— இப்படியே மெயின் ரோட்டுல குடோன் வரைக்கும் போய், பாலம் ஏறி இறங்கி, அந்தப் பக்கமா வந்தா...

— எத்தனை படி சார்?

— சின்னப் பாலம்தான் மேடம்.

— எத்தனை படின்னு கேட்டேன்.

— ஏறும்போது நாப்பது இருக்கும்.

— இறங்கும்போது குறையுமா?

— போதும்டி, அவரை விடு. இந்தக் கல்லு மேல உக்காரு, கால் வீங்கியிருக்கு பாரு. தம்பி, நீங்களும் வேர்த்துக் கொட்டறீங்க. இந்தாங்க, தண்ணி குடிங்க.

— தேங்க்ஸ் மேடம். பாருங்க, வீடு வாங்க வர்ற எல்லாரையும் நாங்க கம்பெனி கார்லதான் கூட்டிட்டு வருவோம். வீட்டைப் பார்த்தாச்சு, வழியை நடந்து பார்க்கணும்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான்.

— தினமும் நடக்கப்போறது இவ கால்தானே தம்பி? ஆறு வயசுலேர்ந்து இரும்புப் பட்டை போட்ட கால். காலையில ஆறு மணி ரயிலை விட்டா இவளுக்கு ஆபீஸ் இல்ல. அதான் வந்தோம். இந்தக் கேட்டை ஏன் பூட்டியிருக்கீங்க?

— அது ஏ பிளாக் மேடம். முன் வரிசை, பெரிய வீடுங்க. நீங்க பார்த்தது பின்னாடி சி பிளாக். சி பிளாக் ஆளுங்க அவங்க புல்வெளிப் பக்கமா நடக்கறது அவங்களுக்கு... பாருங்க, நான் சொல்லல, அவங்க சொல்றாங்க.

— நாங்க நடந்தா புல்லு வாடிடுமா சார்?

— நீ சும்மா இரு. தம்பி, நீங்க குடுத்த வரைபடம் இது. உங்க கம்பெனி முத்திரை இருக்கு. இந்தக் கோடு என்னன்னு நீங்களே படிங்க.

— ‘எல்லாப் பிளாக்குக்கும் பொதுப் பாதை.’

— இன்னொரு தடவை படிங்க, அவளுக்கும் கேக்கட்டும்.

— எனக்குக் கேட்டுச்சு அண்ணி. அந்தப் பூட்டுக்குத்தான் கேக்கல.

— மேடம், சி பிளாக்ல குடி வந்தவங்க நாலு தடவை எழுதிக் குடுத்தாங்க. பதிலே வரல. போன மாசம் நல்ல மழை. நிறைமாசமா இருந்த ஒரு பொண்ணு அந்தப் பாலத்துல பாதியில உக்காந்துட்டா. எனக்கு மனசு கேக்கல. நானே திறந்து விட்டேன். மறுநாள் மேனேஜர் கூப்பிட்டு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டார்.

— உங்க பிள்ளைங்க நல்லா இருப்பாங்க தம்பி. ஆண்டவன் அதைப் பார்த்திருப்பான்.

— மேனேஜரும் பார்த்துட்டாரே மேடம்.

— அண்ணி, வா, கிளம்பலாம். அந்தச் சமையலறை ஜன்னல் அழகா இருக்கு, ஒத்துக்கறேன். அதுக்காக நான் பாதி நாளைப் பாலத்துலயே கழிக்க முடியாது. வேற ஊர்ல பார்ப்போம்.

— வேற ஊர்ல கேட்டு இருக்காதா? இந்த ஒரு வருஷத்துல எத்தனை பார்த்துட்டோம். ரெண்டு பொம்பளைங்க சேர்ந்து வாங்கறதான்னு ஒருத்தன் சிரிச்சான். ஆம்பளைத் துணை இல்லையான்னு இன்னொருத்தன். இருக்கற வாடகை வீட்டை அடுத்த மாசம் இடிக்கறாங்க. இல்லடி. நான் இங்கதான் வாங்குவேன்.

— உனக்கு நல்ல கால் இருக்கு, நீ பேசுவ.

— உன் காலை வெச்சுத்தான் பேசறேன்.

— மேடம், மேடம், சண்டை வேண்டாம். ஒண்ணு சொல்லட்டுமா? இது என்கிட்ட இருக்கற சாவி. நீங்க வெச்சுக்கங்க. அவங்க காலுக்காகத் தர்றேன், வியாபாரத்துக்காக இல்ல. யார்கிட்டயும் காட்டாம, கூட்டம் இல்லாத நேரமாப் பார்த்து...

— எனக்கு வேண்டாம் சார்.

— ஏன் மேடம்?

— நான் மட்டும் கேட்டு வழியா நைஸா வந்துட்டு, பக்கத்து வீட்டு அம்மா பாலம் இறங்கி மூச்சு வாங்கறப்ப ‘என்ன அக்கா லேட்டு’ன்னு கேக்கணுமா? நொண்டின்னு இரக்கப்பட்டுக் குடுத்த சாவி. அதை வெச்சுக்கிட்டு நிமிர்ந்து நடக்க முடியாது. எனக்கு ஏற்கெனவே நிமிர்ந்து நடக்கறது கஷ்டம்.

— வாங்கிக்கோடி.

— அண்ணி!

— பெரிய மனசோட குடுக்கறார். தள்ளக் கூடாது. இப்படிக் குடுங்க தம்பி, நான் வாங்கிக்கறேன். அட, நல்ல சாவி. பித்தளை. பூட்டும் புதுசு, இன்னும் எண்ணெய்கூடக் காயல.

— நீயா இப்படிப் பேசற? நமக்கு மட்டும் கிடைச்சாப் போதும்னா?

— தம்பி, சி பிளாக்ல மொத்தம் எத்தனை வீடு?

— உங்களுதைச் சேர்த்து நாப்பத்தொண்ணு மேடம். ஏன்?

— பத்திரத்தை எழுதச் சொல்லுங்க. ரெண்டு பேர் பேர்லயும், அவ பேரு முதல்ல. இந்தச் சாவி நாளைக்குக் காலையில உங்க மேஜை மேல இருக்கும்.

— திருப்பித் தரப்போறீங்களா? அப்ப இவங்க எப்படி வருவாங்க?

— எனக்கு ஒரு சாயங்காலம் போதும். ஒளிச்சு மறைச்சு எதுவும் செய்யல, உங்க முகத்துக்கு நேராச் சொல்லிட்டுத்தான் எடுத்துட்டுப் போறேன். வேண்டாம்னு தோணினா இப்பவே திருப்பிக் கேளுங்க.

— ஒரு சாயங்காலத்துல என்ன மேடம் பண்ணுவீங்க?

— ஐயோ அண்ணி! அடேங்கப்பா! இப்பத்தான் எனக்குப் புரியுது!

— எனக்குப் புரியலையே மேடம். நீங்க ஏன் சிரிக்கறீங்க?

— சார், லோன் பாரத்துல அண்ணி ‘சொந்தத் தொழில், ஸ்டேஷன் வாசல்ல கடை’ன்னு எழுதிட்டு நிறுத்திட்டாங்க இல்ல? என்ன கடைன்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்.

— அது இருக்கட்டும், இந்தச் சாவியை யார் குடுத்தாங்கன்னு மேனேஜர் கேட்டா என்ன சொல்றது மேடம்?

— என்னைக் காட்டுங்க தம்பி. வரைபடத்தோட இந்தக் கேட்டுலயே நிக்கறேன், அவர் வந்து பேசட்டும். சொல்லுங்க, சாவியைத் திருப்பித் தரணுமா?

— ...வேண்டாம் மேடம். வெச்சுக்கங்க. என்ன கடைன்னு மட்டும் சொல்லிடுங்க.

— இவ அண்ணன் விட்டுட்டுப் போன கடை தம்பி. பதினோரு வருஷமா நான்தான் அதுல உக்காந்து டூப்ளிகேட் சாவி வெட்டறேன்.