காரை உயர்த்தப் போனவர்கள்

பூம்பாறையிலிருந்து கொடைக்கானல் போகும் பஸ்ஸில் உட்கார இடமில்லை. பூண்டு மூட்டையில் சாய்ந்து நின்றேன். முன் சீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி தன் கணவனிடம் கேட்டாள்.

“காரைத் தூக்குறீங்க, சரி. என்னை யாருங்க தூக்குறது?”

“நம்ம பாதையில அந்தப் பெரிய கல்லு கார் அடியில இடிக்குதுல்ல? ஒசத்திட்டா, உன்னைய வெரசா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிரலாம். பெரிய ஸ்பிரிங்கும் டயரும் போட்டு மூணு இஞ்ச் ஒசத்தித் தாரேன்னு, கொடைக்கானல்ல நம்ம காரை விட்டிருக்கிற மெக்கானிக் சொல்லிட்டாரு.”

“நாலு சக்கரமும் இழுக்கும்னு பழைய சின்னக் காரை வாங்குனீங்க. இப்ப அதை ஜீப்பு ஒசரத்துக்கு ஆக்குறீங்க. இந்த வயித்தோட எப்படி ஏறுவேன்?”

“நான் பிடிச்சு ஏத்திவிட மாட்டேனா?”

“நீங்களா? எனக்கு வலி வந்தா, பதட்டத்துல நீங்க முந்தி ஏறி, என்னை வாசல்லயே விட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருவீங்க.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

“அண்ணே, ஒரு இஞ்ச் போதும்ணே. கல்லா? அதை நாளைக்கு வெள்ளனே நானே கடப்பாறையால நெம்பிப் போட்டுர்றேன்.”