காலண்டரில் ராஜரத்தினம், பத்திரத்தில் குப்பாண்டி

மூன்றாம் வகுப்போடு நின்று, வெடிக் கம்பெனி வைத்து, அப்பன் பேரிலேயே போர்டு மாட்டியவன் நான். தாலுகா ஆபீஸ் வரிசையில் எனக்கு முன்னால் சிவகாசி காலண்டர் முதலாளி ஒருவரும் அவர் சித்தப்பாவும் பட்டா மாற்ற நின்றார்கள்.

“தாத்தா பேரு ராஜரத்தினம்னுதான காலண்டர்ல போட்டிருக்கோம். பத்திரத்துல குப்பாண்டின்னு இருக்கே, சித்தப்பா?”

“மூணு பிள்ளை செத்து நாலாவதாப் பெறந்தவருலே. இதாவது தங்கட்டும்னு குப்பையில போட்டு உருட்டி வச்ச பேரு. ராஜரத்தினம் நீயா அச்சடிச்சது.”

“குப்பாண்டி பேரன்னா சம்பந்தி வீட்ல என்ன நெனைப்பாக?”

“சொல்லாட்டி ரோட்டோர நெலம் உனக்கில்லலே.”

ஜன்னலில் குமாஸ்தா கேட்டார். “தாத்தா பேரு?”

முதலாளி முணுமுணுத்தார்.

“கேக்கல, சத்தமாச் சொல்லுங்க.”

இரண்டாம் தரம் வரிசைக்கே கேட்கும்படி சொன்னார். ரோட்டோர நிலமாச்சே.