சத்து மாத்திரை

எங்கள் மருந்துக்கடையில் தலைவலி மாத்திரைக்கு அடுத்தபடியாக அதிகம் விற்பது சத்து மாத்திரைதான். யாருக்கும் கெடுதல் செய்யாது. என் மனைவியின் தங்கைக்கு நான் கொடுத்ததும் அதுதான், டாக்டர்.

வீட்டில் யாருமே கவனிக்கவில்லையா என்று கேட்டீர்கள். நான் கவனித்தேன். தலை வாருவதை விட்டாள். பள்ளி விட்டு வந்ததும் படுத்துக்கொண்டாள். சிநேகிதிகள் வந்தால் தூங்குவதாகச் சொல்லச் சொன்னாள். வாயாடி என்று நாங்கள் கூப்பிட்ட பெண்.

என் மனைவிக்கும் அந்த வயதில் மனச்சோர்வு இருந்தது. விடுதியில் படித்தபோது, வீட்டுக்குத் தெரியாமல் மருந்து சாப்பிட்டு மீண்டாள். அதனால் தங்கையைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

ஒருநாள் பள்ளியிலிருந்து போன். "அக்கா, என்னால முடியல, வந்து கூட்டிட்டுப் போ." போட்டது போட்டபடி ஸ்கூட்டரை எடுத்தாள். பள்ளிக்கு முந்தைய திருப்பத்தில் லாரி.

என் மனைவி அங்கேயே போய்விட்டாள். போன் செய்து கூப்பிட்ட தங்கை மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

மாமியாருக்குச் சளி பிடித்தாலும் நான்தான் வைத்தியர். "மாப்பிள்ளை, இவ இப்படியே சுருண்டு கிடக்கிறாளே, டாக்டர்கிட்ட காட்டலாமா?"

"வயசுக் கோளாறு அத்தை. போகப் போகச் சரியாயிடும்."

"அதானே. உங்களுக்குத் தெரியாததா?"

பிறகு அவளே கடைக்கு வந்தாள். "மாமா, எனக்கு என்னமோ ஆகுது. அக்கா சாப்பிட்ட மாத்திரையை எனக்கும் குடுங்க. அக்கா எங்கிட்ட சொல்லியிருக்கா."

சத்து மாத்திரையை வெள்ளை உறையில் போட்டு, அதுதான் இது என்றேன். ஒழுங்காகச் சாப்பிட்டாள். உறை தீரத் தீர வந்து வாங்கிக்கொண்டாள்.

"அக்காவுக்குக் கேட்ட மருந்து எனக்கு ஏன் மாமா கேக்கல?"

"சில பேருக்கு எந்த மருந்தும் கேக்காது" என்றேன்.

தலையாட்டினாள். வாயாடி அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் அவளை உங்களிடம் தூக்கிக்கொண்டு வந்தோம்.

பிழைத்துவிட்டாள் என்கிறீர்கள். கண் விழித்ததும் என்னைத்தான் கேட்டாளாம். வெளியே மாமியார் எனக்கு டீ வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உறையில் இருந்தது என்ன மாத்திரை என்று அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

நான் அந்தப் பெண்ணை ஒருநாளும் கடிந்து பேசியதில்லை. எல்லாம் என் மனைவிக்காகத்தான் செய்தேன். அவள் இருந்திருந்தால் புரிந்துகொண்டிருப்பாள்.