பூரணியின் கோடு

தேநீரை ஆறவிடாதீர்கள். இந்த டிக்கோயாக் குளிரில் கோப்பையைக் கீழே வைத்து ஒரு தும்மல் போட்டு நிமிர்வதற்குள் அது ஐஸ்கட்டியாகிவிடும். விசாரிக்க வந்தவர் என்பதற்காக உபசாரத்தில் குறை வைக்கிற ஆள் நானில்லை. ஜீவராணி என்மேல் முறைப்பாடு கொடுத்ததும் ஒரு வகையில் நல்லதுதான். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபரைத் தேடி வேறு யார் வருகிறார்கள்? கேளுங்கள், ஒன்றையும் மறைக்க மாட்டேன்.

எங்கள் பள்ளிக்கூடம் வட்டவளைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துக்குள் இருக்கிறது. அங்கே பெய்கிற மழைக்குக் கரும்பலகையில் எழுதிய எழுத்து சாயங்காலத்துக்குள் முளைவிடும். பிள்ளைகள் காலில் இரத்தம் குடிக்கும் அட்டைகளோடு வருவார்கள். வரவு எடுக்கும்போது அட்டைகளையும் சேர்த்திருந்தால் நாட்டிலேயே பெரிய பாடசாலை எங்களுடையதுதான். அப்படிப்பட்ட இடத்துக்கு மேலிடத்திலிருந்து முன்னேற்ற அளவீடு என்று ஒன்று வந்து சேர்ந்தது. வருடத் தொடக்கத்தில் ஒரு கணிப்பீட்டுப் பரீட்சை, கடைசியில் இன்னொன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பிள்ளையின் முன்னேற்றம். பிள்ளைக்கு ஒரு கோடு வரைந்து வாசல் சுவரில் ஒட்ட வேண்டும். கோடுகள் ஏறாத பள்ளிக்கூடங்களை மூடிவிடுவார்கள் என்ற பேச்சும் கூடவே வந்தது. மூடினால் சின்னஞ்சிறுசுகள் ஆற்றைக் கடந்து அடுத்த தோட்டத்துக்கு நடக்க வேண்டும். அதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஏற்றம் காட்ட இரண்டு வழி உண்டு. உச்சியை உயர்த்தலாம், இல்லாவிட்டால் அடியைத் தாழ்த்தலாம். இரண்டாவதில் மூச்சு வாங்காது. தோட்டத்து மாரியம்மன் தேர் லயக் குடியிருப்புகளைச் சுற்றி வந்து நிலைக்கு நின்ற மறுநாள் காலையில் முதல் கணிப்பீட்டை வைத்தேன். விடிய விடியத் தப்பு மேளம் கேட்ட பிள்ளைகள். பெயர் எழுதுகிற இடத்தில் ஒருவன் தேரை வரைந்து வைத்திருந்தான். இன்னொருத்தி விட்ட கொட்டாவியில் முன்வரிசைத் தாள்களெல்லாம் பறந்தன. அருமையான பெறுபேறு. அங்கிருந்து எங்கே போனாலும் ஏற்றம்தான்.

பூரணி மட்டும் முழுப் புள்ளி எடுத்திருந்தாள்.

கொழுந்து பறிக்கிற ஜீவராணியின் ஒரே மகள். மூன்றாம் தர வகுப்பு. கேள்வி என் வாயை விட்டு இறங்குமுன் அவள் பதில் வந்து வாசலில் நிற்கும். முழுப் புள்ளியில் தொடங்குகிற கோடு பிறகு எங்கே ஏறும்? மற்றவர்களின் கோடுகள் மலையேற, அவளுடையது தண்டவாளம் மாதிரிப் படுத்துக் கிடக்கும். வகுப்பாசிரியை ஸஹ்லா டீச்சரிடம் கவலையைச் சொன்னேன்.

“புள்ளைல என்ன பிழை சேர்? அவளுக்கு இன்னும் எவ்வளவோ படிச்சுக் குடுக்கலாம். அளக்கிற கோல் கட்டையா இருந்தா கோலைத்தான் மாத்தோணும்.”

“கோல் மேலிடத்துல இருக்கு டீச்சர். நம்ம கையில இருக்கிறது புள்ளதான்.”

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அடுத்த கிழமை அவருக்கு முதலாம் தரத்தைக் கொடுத்துவிட்டு மூன்றாம் தரத்தை நானே எடுத்துக்கொண்டேன். பூரணியின் கணிப்பீட்டுத் தாளை மட்டும் ஒரு வாளித் தண்ணீரில் நனைத்தேன். மழையில் நனைந்துவிட்டது, அவளுக்குத் திரும்ப வைக்க வேண்டும் என்று அறிவித்தேன். எங்கள் கூரையைப் பார்த்த எவருக்கும் சந்தேகம் வராது.

பூரணியை நான் தொட்டதில்லை. பிரம்பு எடுத்ததில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

“ஏழு எட்டு?”

“அம்பத்தாறு சேர்.”

“அப்படியா?”

அவ்வளவுதான். கொஞ்சம் வருத்தமாகச் சிரிப்பேன், அடுத்த பிள்ளையிடம் போய்விடுவேன். முதல் நாள் அவளும் சிரித்தாள். இரண்டாம் நாள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். பிறகு வகுப்பையே பழக்கினேன். பூரணி வாயைத் திறந்தால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே குரலில் “அப்படியா?” என்று கேட்க வேண்டும். அந்தச் சத்தத்தில் கொழுந்து மலையே திரும்பிப் பார்த்திருக்கும். எனக்குத் தெரிந்து அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அத்தனை சந்தோஷமாக இருந்த காலம் வேறில்லை.

மறு கணிப்பீட்டில் அவள் எழுதி எழுதி அழித்ததில் தாளில் ஓட்டை விழுந்திருந்தது. ஒரு விடையும் மிச்சமில்லை. பூச்சியம். அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அவளைத் திரும்பத் தூக்கிவிடுவதாகத்தான் இருந்தேன், நம்புங்கள். வருடத்தின் கடைசித் தவணையில் அந்த விளையாட்டை நிறுத்தினேன். “கெட்டிக்காரிம்மா நீ” என்று தலையைத் தடவினேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறுதிக் கணிப்பீட்டிலும் வெறுந்தாளையே நீட்டினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அழித்த பென்சிலின் தடம் தெரிந்தது. எல்லாம் சரியான விடைகள். தடத்தின் மேலேயே பென்சிலை ஓட்டினேன். சொந்தமாக ஓர் எழுத்துக்கூட நான் சேர்க்கவில்லை. அவளுடையதை அவளுக்கே கொடுத்தேன்.

பூச்சியத்திலிருந்து முழுப் புள்ளிக்கு ஒரே கோடு. பார்க்க வந்தவர்கள் வாயைப் பிளந்ததில் ஈ போயிருக்கும். எனக்குப் போட்ட மாலைகளின் கனத்தில் அரை அங்குலம் குள்ளமாகித்தான் ஓய்வுபெற்றேன். பள்ளிக்கூடமும் தப்பித்தது.

போன மாதம் ஹட்டன் பஸ் நிலையத்தில் தாயையும் மகளையும் கண்டேன். ஜீவராணி கும்பிட்டாள்.

“இது இப்ப வாயே தொறக்கிறதில்லைங்க சேர். பசிக்குதான்னு கேட்டாக்கூட என் மூஞ்சியப் பார்க்குது. நீங்க ஒரு வார்த்த பேசிப் பாருங்களேன். ஒங்க கிட்டத்தானே நல்லாப் படிச்சிச்சு.”

நான் குனிந்தேன். “ஒம் பேரு என்னம்மா?”

“பூரணி.”

பழக்க தோஷம் பாருங்கள். வேறொன்றும் நினைக்கவில்லை. “அப்படியா?” என்று கேட்டுவிட்டேன்.

அவள் என் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

“இல்லங்க சேர்.”

ஜீவராணி என்னைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். பிள்ளையை இழுத்துக்கொண்டு, அவர்கள் தோட்டத்துக்குப் போகாத பஸ்ஸில் போய் ஏறினாள். அதற்குப் பிறகுதான் உங்களுக்கு இந்த முறைப்பாடு வந்திருக்கிறது.

எல்லாம் நான் செய்ததுதான். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். ஆனால் போகிற வழியில் பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்தக் கோடு இன்னும் சுவரில் இருக்கிறது. ஒரு தோட்டத்துப் பிள்ளையை அத்தனை உயரத்துக்கு வேறு யார் ஏற்றியிருக்கிறார்கள், சொல்லுங்கள்.