இருவருக்கும் ஒரே சாறி

"இந்தக் கலியாணத்துக்கு நான் வரமாட்டன். சாறி வரும்."

கொட்டாஞ்சேனையில் இருந்து வெள்ளவத்தைக்குப் போகும் பஸ்ஸில், முன்சீட்டில் இருந்த பெண் பக்கத்தில் இருந்த இளையவளிடம் இப்படிச் சொன்னார். மடியில் ஒரு பை, அதற்குள் பச்சைக் கரை போட்ட மாம்பழநிறச் சாறி. இளையவள் அதைத் தொடவில்லை.

"ரண்டு பேரும் காசு சேர்த்து எடுத்த சாறி அக்கா. கொட்டாஞ்சேனைக் கலியாணம் உங்களுக்கு, வெள்ளவத்தைக் கலியாணம் எனக்கு எண்டுதானே கதைச்சனாங்கள்."

"இது ஒஃபிஸ் கலியாணம். ரண்டு பேருக்கும் கார்ட் வந்திருக்கு. நீ உடுத்துக்கொண்டு போ. எனக்குத் தலையிடி எண்டு சொல்லு."

"ஏழு வருசமா பக்கத்துப் பக்கத்து மேசை. நாங்கள் ரண்டு பேரும் வடிவா உடுத்து வெளிக்கிட்டு நிக்கிற படம் ஒண்டுகூட இல்லை."

மூத்தவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கொள்ளுப்பிட்டி தாண்டியதும் இளையவள் பைக்குள் கைவிட்டு, சாறிக்கென்று தைத்த பச்சை பிளவுஸை மட்டும் எடுத்தாள்.

"சாறியை நீங்கள் உங்கட கறுப்பு பிளவுஸோட உடுங்கோ. நான் இதைப் போட்டு, என்ர நீளப் பாவாடை கட்டுறன்."

"உனக்கு அது பெரிசு."

"வழக்கம்போல உள்ளுக்கு ஒரு தையல் பிடிக்கிறன்."

"ஆக்கள் கேட்டா?"

"செட்டாத் தைச்சது எண்டு சொல்லுவம். படம் எடுக்கேக்க மட்டும் கிட்ட நில்லுங்கோ அக்கா. தனிய நிண்டா இது வெறும் பிளவுஸ்."

மூத்தவர் சாறியின் பச்சைக் கரையை அந்த பிளவுஸோடு சேர்த்து வைத்துப் பார்த்தார்.

"தலையிடி மாறிட்டுது," என்றார் மூத்தவர்.